லாரிக்காரரின் ஆமென்

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. ஆனால் முப்பத்தொரு வருடம் கோர்ட் வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயர்களை மும்மூன்று தடவை கூவியவர், நீதிபதி உள்ளே வரும்போதெல்லாம் "சைலன்ஸ்!" என்று கூரை அதிர முழங்கியவர். அப்படிப்பட்டவரை ஊர் விடுமா? பெரியவர்கள் சைலன்ஸ் என்றார்கள். சின்னவர்கள் சைலன்ஸ் மாமா என்றார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து கோவிலின் அமைதிக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். யாரும் நியமிக்கவில்லை. நியமனத்துக்காகக் காத்திருக்க நேரமுமில்லை என்று அவருக்குத் தோன்றியது. கோர்ட்டில் நீதிபதிக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசிகூடக் கோவிலில் கடவுளுக்குக் கிடைக்கவில்லை என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. "பயபக்தின்னு ஏன் சொல்றாங்க? பயம் முதல்ல, பக்தி ரெண்டாவது. வரிசை தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க" என்பார்.

மூன்றாவது வரிசையின் ஓரத்து இருக்கை அவருடையது. அங்கிருந்து பெரிய கதவையும் பக்கக் கதவையும் ஒரே சமயத்தில் கவனிக்கலாம். பீடத்தைப் பார்க்கக் கொஞ்சம் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும், அது பரவாயில்லை. வருகிறவர்களை அவர் ரகம் பிரித்து வைத்திருந்தார். முழங்கால் தரையைத் தொடாமல் பாதியில் எழுந்துகொள்கிறவர்கள் 'சில்லறை தேடுகிறவர்கள்'. சிலுவை அடையாளத்தை முகத்துக்கு முன்னால் ஒரு சுழற்று சுழற்றி முடிக்கிறவர்கள் 'கொசு விரட்டுகிறவர்கள்'. நற்கருணை அப்பம் வாங்கிவிட்டு வாயை அசைத்துக்கொண்டே இருக்கைக்குத் திரும்புகிறவர்கள் 'சூயிங்கம் கட்சி'. இந்த மூன்று ரகத்தையும் அவர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை பட்டவர்கள் அடுத்த வாரம் ஒழுங்காக முழந்தாளிட்டார்கள், அல்லது வேறு கோவிலுக்குப் போனார்கள்.

பார்வைக்கு மசியாதவற்றைப் பற்றி ஒவ்வொரு திங்கட்கிழமையும் பங்குத்தந்தைக்கு மனு எழுதுவார். 'பொருள்: ஆலயத்தில் அமைதிக் குறைவு ஏற்பட்டது தொடர்பாக' என்று தொடங்கி, வரிசை எண், தேதி எல்லாம் போட்டு, கீழே ஒரு கோடிழுத்துக் கையெழுத்து. பங்குத்தந்தைக்கு முப்பத்தாறு வயது. மூன்று கோவில்களை ஒரே மோட்டார் சைக்கிளில் கவனித்துக்கொண்டிருந்த மனிதர். மனுக்கள் நாற்பத்தேழு சேர்ந்திருந்தன.

வீட்டுக்குள் மட்டும் இந்தச் சட்டம் எதுவும் செல்லுபடியாகாது. தொலைக்காட்சிச் செய்தி தெருமுனை வரை கேட்கும். மாலையில் ஜெபமாலை சொல்லும்போது, மனைவி பாதி மந்திரத்தில் இருக்கும்போதே இவர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். ஐம்பத்து மூன்று மணியும் ஒன்பது நிமிடத்தில் முடிந்து சாப்பாடு வந்துவிட வேண்டும். மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பார். ஊராரின் பெயரையெல்லாம் மும்முறை கூவிய வாய், வீட்டில் அந்த ஒற்றைச் சத்தத்தோடு நிறுத்திக்கொண்டது. அந்த அம்மாவுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு காதும் நன்றாகத்தான் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. திருப்பலியில் எழுந்தேற்ற நேரம். குருவானவர் அப்பத்தை உயர்த்துகிறார், மணி அடிக்கிறது, கோவில் முழுக்கத் தலை குனிந்திருக்கிறது. பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை மணிச் சத்தத்தைக் கேட்டுக் கலகலவென்று சிரித்தது. அழுதிருந்தால்கூட முறைப்பதோடு விட்டிருப்பார். சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம் தொண்டையிலிருந்து தானாகக் கிளம்பிவிட்டது.

"சைலன்ஸ்!"

குழந்தை வாயடைத்துப் போனது. கீபோர்டு வாசிப்பவரின் கை நழுவி ஏழெட்டுச் சுரங்கள் ஒன்றாக அலறின. முழந்தாளிட்டிருந்தவர்களில் நாலைந்து பேர் பதறி எழுந்து நின்றார்கள்; அவர்கள் கோர்ட் படி ஏறியவர்கள் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. உயர்த்திய கையைக் குருவானவர் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் கழித்தே இறக்கினார்.

திருப்பலி முடிந்ததும், உடை மாற்றும் அறைக்குச் சைலன்ஸை வரச்சொன்னார். பாராட்டு கிடைக்குமோ என்ற ஒரு சின்ன நம்பிக்கையோடுதான் இவர் போனார்.

"ஐயா, உங்களுக்குக் கோவில்ல இருக்கிற பயபக்தி வேற யாருக்கும் இல்ல" என்றார் ஃபாதர், மேலங்கியை மடித்தபடி.

"அதைத்தான் சாமி நான் நாப்பத்தேழு மனுவுல..."

"படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன். அதான் யோசிச்சேன். கோவிலுக்கு வர முடியாம படுத்திருக்கிறவங்களுக்கு நற்கருணை கொண்டுபோக ஒரு பணியாளர் வேணும். ஆயரகத்துல அனுமதி வாங்கிடலாம். நீங்க செய்றீங்களா?"

சைலன்ஸுக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை வருடம் கழித்து மேலிடம் கண் திறந்திருக்கிறது! ஃபாதருக்கோ, ஞாயிறு இரண்டாம் பூசை நேரத்தில் இவர் கோவிலை விட்டு வெளியே இருந்தாலே போதும் என்ற கணக்கு. இரண்டு பேருக்கும் திருப்தி.

மூன்று வாரம் பயிற்சி நடந்தது. கடிதம் வந்தது. அதில் 'சிறப்புப் பணியாளர்' என்று இருந்தது. சிறப்பு என்பது பணிக்கு என்று பயிற்சியில் விளக்கியிருந்தாலும், தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு கடிதத்தை லேமினேட் செய்துவைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு ஐயா" என்றார் ஃபாதர், முதல் ஞாயிறன்று நற்கருணை வைத்த சிமிழை அவர் கையில் கொடுக்கும்போது. "இதை நெஞ்சுல வச்சுக்கிட்டுப் போற வழியில யார்கிட்டயும் வம்பு பேச்சு வேண்டாம். ஆண்டவர் கூட வர்றார். ரொம்ப அவசியம்னா மட்டும் வாயைத் திறங்க."

"எனக்கா சாமி இதைச் சொல்றீங்க?" என்று சிரித்தார் சைலன்ஸ்.

வெள்ளைச் சட்டைக்குள், கழுத்தில் கட்டிய சின்னப் பையில் நற்கருணைச் சிமிழ். கைக்கடிகார அளவுதான் இருக்கும். தெருவில் இறங்கினார். நூறடி போவதற்குள் பஞ்சர் கடைக்காரர் எதிர்ப்பட்டார். நடைபாதையில் டயர் அடுக்குவது சம்பந்தமாக இருவருக்கும் ஆறு வருட வழக்கு இருந்தது. அன்றைக்கு டயர் வரிசை இன்னும் இரண்டடி முன்னால் வந்திருந்தது. சைலன்ஸ் தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

"என்ன சைலன்ஸ், இன்னைக்கு வாய்க்கு லீவா?"

இவருக்குக் காதுமடல் சூடேறியது. நாக்கு நுனியில் நாலு பதில் தயாராக இருந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நடந்தார். ரோட்டைக் கடக்கும்போது ஒருவன் மோட்டார் சைக்கிளால் உரசினாற்போலப் போனான், அதையும் விழுங்கினார். நோயாளி குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில் காய்கறிப் பையோடு ஓர் அம்மா, ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகப் பேசும் ஒரு டெலிவரிக்காரர். சர்வ உலகத்துக்கும் அரசர் லிஃப்டில் ஏறியிருக்கிறார். இவன் பாட்டுக்கு "அண்ணே, மூணாவது ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு" என்று கத்திக்கொண்டிருக்கிறான்! சைலன்ஸ் பல்லைக் கடித்தார். டெலிவரிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். நெஞ்சில் கைவைத்து வேர்த்துப்போய் நிற்கும் வயதானவர். உடனே போனை அணைத்தார்.

"ஐயா, உடம்பு சரியில்லையா? எந்த மாடி? நான் அழுத்துறேன்."

நாலு விரலைக் காட்டினார் சைலன்ஸ். அந்தப் பையன் நாலாம் மாடி வரை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். காய்கறி அம்மா கதவு மூடாமல் கையால் தடுத்து நின்றாள். அந்த வழியில் ஆண்டவருக்கு இவ்வளவு மரியாதை வேறு யாரும் செய்யவில்லை. ஆனால் அது தனக்கான உபசாரம் என்று நினைத்து, சைலன்ஸ் தலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கினார்.

படுத்திருந்தவர் லாரி டிரைவர். நாற்பது வருடம் தூர தூர ஊர்களுக்கு ஓட்டியவர். எட்டு மாதம் முன்னால் வலது பக்கம் செயலிழந்துவிட்டது. மகனும் லாரியிலேயே இருந்தான், மாதத்தில் ஒரு வாரம் வீட்டுக்கு வருவான். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மருமகள்தான் எல்லாம்.

அறை சுத்தமாக இருந்தது. சின்ன மேசையில் வெள்ளைத் துணி, தம்ளரில் நிறுத்திய மெழுகுவர்த்தி, ஒரு சிலுவை. சைலன்ஸ் விளிம்பு விளிம்பாகப் பார்த்தார். துணி இஸ்திரி போட்டிருந்தது. குறை சொல்ல ஏதுமில்லாததில் கொஞ்சம் ஏமாற்றம்கூட. தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த லாரிக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். சைலன்ஸைப் பார்த்ததும் அவர் முகத்தின் இடது பாதி மலர்ந்தது. இடது கையை உயர்த்தினார். வாயைத் திறந்து, ஒரு வார்த்தை சொன்னார்.

அந்த வார்த்தையை இங்கே அச்சில் போட முடியாது. குறுக்கே வந்த வண்டிக்காரனைப் பார்த்து லாரி டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்வது. அதில் எதிராளியின் தாயாரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்.

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார் சைலன்ஸ். சிலுவை அடையாளம் போட்டார். "பிதா, சுதன்..." என்று தொடங்கினார். லாரிக்காரர் இடது கையால் பக்தியோடு நெற்றியைத் தொட்டுக்கொண்டே, அதே வார்த்தையை மூன்று தடவை சொன்னார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஓடிவந்தாள் மருமகள். "மாமாவுக்குப் பேச்சு மொத்தமா போயிடுச்சு. இந்த ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். சில பேருக்கு அப்படி ஆகுமாம், டாக்டர் சொன்னார். தண்ணி வேணும்னாலும் அதான், தேங்க்ஸ்னாலும் அதான். எனக்குக் குரலை வச்சே புரிஞ்சிடும்."

சைலன்ஸ் சிமிழைச் சட்டையோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், ஆண்டவருடைய காதைப் பொத்துகிற மாதிரி.

"ஆண்டவரை வச்சுக்கிட்டு இதைக் கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியாம்மா?"

"ஆண்டவர் கேக்காத வார்த்தையா ஐயா? மாமா கூட நாப்பது வருஷம் லாரியில போனவராச்சே."

இந்த மாதிரிக் குறுக்கு விசாரணைக்கு அவர் தயாராக வரவில்லை. விறுவிறுவென்று வெளியேறினார். கதவு மூடும்போது உள்ளேயிருந்து அந்த வார்த்தை இன்னொரு முறை கேட்டது. இந்தத் தடவை தணிந்து, நடுவில் உடைந்து. சைலன்ஸ் படிக்கட்டு வழியாகவே இறங்கிப் போய், நற்கருணையைக் கோவில் பேழையில் திரும்ப வைக்கச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து நாற்பத்தெட்டாவது மனுவை எழுதினார்.

மறுநாள் மாலை ஃபாதர் அதை அவர் முன்னாலேயே படித்தார்.

"வார்த்தையை எழுதாம 'மேற்படி சொல்'னு பன்னிரண்டு இடத்துல போட்டிருக்கீங்க. நல்லா இருக்கு" என்றார். பிறகு தாளை மேசைமேல் வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஐயா, அந்தச் சட்டையை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியுமா? உணர்ச்சி இல்லாத கை. அந்தப் பொண்ணு ஒவ்வொரு விரலா நுழைக்கணும். முக்கால் மணி நேரம். நற்கருணை வர்ற அன்னைக்கு அவர் விடிஞ்சதுலேர்ந்து பச்சைத் தண்ணி தொடமாட்டார். நோயாளிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லைன்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். அதுக்கு அவர் சொன்ன பதிலும் மேற்படி சொல்தான்."

சைலன்ஸ் மனுவைத் தன் பக்கம் இழுத்து மடித்தார்.

"நேத்து நீங்க கிளம்பி வந்த பிறகு மத்தியானம் வரைக்கும் சட்டையைக் கழட்ட விடலையாம். திரும்பி வருவீங்கன்னு உக்காந்திருந்திருக்கார். நான் மூணாவது கோவில் பூசை முடிச்சுப் போய்க் கொடுத்தேன். அப்ப மணி ரெண்டு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார், ஆதரவு கிடைக்கும் என்று. பருப்பு கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மா, வலது காதைத் திருப்பி முழுக் கதையையும் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையா?" என்றாள்.

"ஆமா! தண்ணிக்கும் அதே, ஜெபத்துக்கும் அதே. கேக்கவே கூசுது."

"நீங்களும் எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதானே சொல்றீங்க? காப்பிக்கும் ஏய், சட்டைக்கும் ஏய், காய்ச்சல்ல கிடந்தப்பவும் ஏய். முப்பத்துநாலு வருஷமா குரலை வச்சு நான் புரிஞ்சுக்கலையா? அந்த மனுஷனுக்காவது வாதம் வந்துச்சு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

கோபமே இல்லாமல் கேட்டாள். அதுதான் அவரைப் போட்டு வாட்டியது. பருப்பை உலையில் போட்டுவிட்டு அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவர் சமையலறை வாசலிலேயே நின்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனார். கதவைத் திறந்த மருமகள் 'வாங்க' என்று சொல்லவில்லை; நகர்ந்து வழி விட்டாள். அதே சட்டை, அதே வெள்ளைத் துணி. லாரிக்காரர் இவரைப் பார்த்ததும் வார்த்தையைச் சொன்னார். இந்தத் தடவை அது சரியான அர்த்தத்திலேயே வந்தது. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சைலன்ஸ் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

"சரிதான்" என்றார். "போன வாரம் நான் செஞ்சதுக்கு அது சரிதான்."

லாரிக்காரரின் பாதி முகம் இளகியது. ஜெபம் தொடங்கினார். ஒன்பது நிமிட வேகம் நாக்கில் வந்து நின்றது. லாரிக்காரர் ஒவ்வொரு வரிக்கும் உதட்டை அசைத்து முடிக்கும் வரை பிடித்து நிறுத்தினார். சிமிழைத் திறந்து அப்பத்தை எடுத்துக் காட்டினார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

லாரிக்காரர் கண்களை மூடினார். மூச்சை இழுத்தார். பிறகு, தூங்கும் குழந்தையைப் படுக்கையில் கிடத்துவது போல, அந்த வார்த்தையை மெதுவாகச் சொன்னார்.

சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தவர்களை ஆயிரக்கணக்கில் கேட்ட காது சைலன்ஸுடையது. சரியான சொற்களைச் சரியான வரிசையில் சொல்லிப் பொய் பேசியவர்களை அதற்குத் தெரியும். உண்மை எப்படி ஒலிக்கும் என்பதும் தெரியும். அப்பத்தை லாரிக்காரரின் நாவில் வைத்தார். "ஆமென்" என்று தானும் சொன்னார். அவருக்காகச் சொன்னாரா, தனக்காகவா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அதன் பிறகு மனிதர் தலைகீழாக மாறிவிட்டார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மாறவில்லை. பஞ்சர் கடை டயர்களைப் பற்றி மாநகராட்சிக்கு எழுதினார். 'சூயிங்கம் கட்சி'யை இப்போதும் பொறுக்க முடியவில்லை. ஆனால் லாரிக்காரர் வீட்டில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தையில் 'ஜன்னலைத் திற' எது, 'மகன் போன் பண்ணினான்' எது, 'இன்னைக்கு வலி அதிகம்' எது என்று பிரிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு மாலை, துணிந்து, மனைவியை அவளுடைய ஞானஸ்நானப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மாவா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனாள்.

மழைக்காலம் முடிந்தபோது, நோயாளிகளுக்கான சிறப்புத் திருப்பலி ஒன்றை ஃபாதர் ஏற்பாடு செய்தார். லாரிக்காரரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அவர் கோவிலுக்குள் வந்து ஒரு வருடமாகியிருந்தது. மூன்றாவது வரிசையின் ஓரத்தில், சைலன்ஸின் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தினார்கள். மருமகள் பின்னால் நின்றாள்.

பிரசங்கம் முடிந்த பிறகும் லாரிக்காரர் வாய் திறக்கவில்லை. எழுந்தேற்றம் வந்தது. மணி அடித்தது. கோவிலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்பம் மேலே உயர்ந்தது. லாரிக்காரருக்கு மனம் பொங்கிவிட்டது. நாற்பது வருட நெடுஞ்சாலைக் குரலில், முழுத் தெளிவோடு, கடைசி மெய்யெழுத்து வரை சுத்தமாக, வார்த்தையைச் சொன்னார். மைக் இல்லாமலே பீடம் வரை போனது.

கோவில் மொத்தமும் திரும்பியது. எல்லார் கண்ணிலும் அதே பார்வை. சைலன்ஸ் வருடக்கணக்கில் கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. பாடகர் குழுத் தலைவர் "உஷ்ஷ்!" என்று சீறினார். மறைக்கல்வி ஆசிரியை காதைப் பொத்திக்கொண்டார். 'சில்லறை தேடுகிறவர்' ஒருவர் எழுந்து நின்று, "வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா!" என்றார். மருமகள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள், முகம் சிவந்திருந்தது.

சைலன்ஸ் அவள் கைமேல் தன் கையை வைத்தார். எழுந்து திரும்பினார். கோர்ட் குரல் இல்லை, சாதாரணமாகத்தான் பேசினார்.

"என் ஆண்டவரேன்னு சொல்றார். கேக்கத் தெரியாட்டி தலையையாவது குனிங்க."

பீடத்தில் ஃபாதர் அப்பத்தை உயர்த்தியபடியே நின்றார், இறக்கவில்லை. முன்வரிசையில் முதலில் ஒரு தலை குனிந்தது. பிறகு ஒவ்வொன்றாக. சைலன்ஸும் முழந்தாளிட்டார். வயதாகிவிட்டதால் முழங்கால் பாதியில் நின்றுகொண்டது. லாரிக்காரரின் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையைத் தொட்டார்.

அந்த வாரமே பாடகர் குழுத் தலைவர் ஃபாதருக்குப் புகார் எழுதினார் என்று கேள்வி. ஃபாதர் பதில் ஏதும் போடவில்லை.

திருப்பலி முடிந்து வெளியே வந்தார்கள். கோவில் வாசலில் ஆறு படி. சரிவுப் பாதை கட்ட வேண்டும் என்று இத்தனை மனுவில் ஒன்றில்கூடத் தான் எழுதவில்லை என்பது சைலன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சக்கரத்தை அவர் பிடித்தார். இன்னொன்றை, டயர்களோடே காலம் தள்ளுகிறவராச்சே, பஞ்சர் கடைக்காரர் கடையிலிருந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டார். மருமகள் கைப்பிடியில். பின்பக்கமாக, படி படியாக இறக்கினார்கள். நாற்காலியில் லாரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து, இடது கையை ஆட்டி ஆட்டி உத்தரவு கொடுத்துக்கொண்டே வந்தார்.

"என்ன சொல்றார்?" என்றார் பஞ்சர் கடைக்காரர், மூச்சு வாங்கியபடி.

"லெஃப்ட்ல கொஞ்சம் ஒடிக்கச் சொல்றார்" என்றார் சைலன்ஸ். "இன்னும் ஒரு படி இருக்காம். வா, வா, வா... அங்கேயே நிறுத்து."